தாங்கிய வீடும் மறைத்த வீடும்: செட்டிநாட்டுக் குடும்பங்களின் மனநலம்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணில் தொடங்கி ஆத்தங்குடிக் கல்லில் முடித்துவிடுவது வழக்கம். வளவு எனப்படும் உள் முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு அறைகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ அரண்மனை போல நிற்கும் வீட்டில், ஆள் கால் நீட்டிப் படுக்கவும் ஒரு பெட்டகம் வைக்கவும் மட்டுமே இடமுள்ள அறை எதற்கு? அது ஒரு ‘புள்ளி’க்கு உரிய அறை. கல்யாணமான மகனும் மருமகளும் சேர்ந்து ஒரு புள்ளி. கொஞ்ச நாளில் பெற்றவர்கள் அவர்களை ‘வேறு வைத்து’விடுவார்கள். அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி, வரவுசெலவு தனி. வாசல் ஒன்றுதான், சாமி வீடு ஒன்றுதான், கிணறும் ஒன்றுதான். நான்கு மருமகள்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இன்றைக்கு என்ன குழம்பு, உப்பு ஏன் கூடிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதில்லை.

1976-ல் லண்டனில் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோய் குணமாகி வீடு திரும்புகிறவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் நோய் மறுபடி வருகிறது என்பது கேள்வி. ஓயாத குறைகூறல், பகைமை, அளவு கடந்த தலையீடு ஆகியவை உள்ள வீடுகளில் திரும்ப வருவது அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருக்க நேர்ந்தால் இன்னும் அதிகம். வளவைக் கட்டிய கொத்தனாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்துகொண்டே கொஞ்சம் தள்ளி இருக்கும் ஓர் ஏற்பாடு அந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கூட்டுக்குடும்பம் போனதால்தான் மனநோய் வந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வைத்திருந்தது எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிடும் கூட்டுக்குடும்பம் அன்று. உரசல் வரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கு இடம் விட்டுக் கட்டிய குடும்பம்.

குடும்பமும் சமூகமும் மனநலத்தை எப்படித் தாங்குகின்றன என்ற கேள்வியைக் காரைக்குடிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது ஒரு காரணம். இன்னொரு காரணம் பிரிவு. பிரிவையே தொழிலாகக் கொண்ட ஊர்கள் இவை.

கொண்டுவிற்கப் போனவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று ஆண்கள் ‘கொண்டுவிற்க’, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனார்கள். மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவன், அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்புவான். சில மாதம் இருப்பான். மறுபடி கப்பல். பெண்களை உடன் அழைத்துப் போகும் பழக்கம் வெகு காலம் கழித்தே வந்தது. கல்யாணமாகி முப்பது வருடமான தம்பதி, சேர்ந்து இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு வருடம் தேறுவதே கடினம்.

இதைத் தாங்க அந்தச் சமூகம் ஏற்பாடுகள் செய்துகொண்டது. போன இடத்தில் கிட்டங்கி இருந்தது: தொழில் செய்யும் இடமும் அதுவே, தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, நோய்நொடி என்றால் பார்த்துக்கொள்ளப்படும் இடமும் அதுவே. காசியில் 1863-லேயே நகரச் சத்திரம் வந்துவிட்டது. கார்த்திகைக்குப் பிறகு வரும் பிள்ளையார் நோன்பில் இழை எடுப்பதை ரங்கூனிலும் பினாங்கிலும் ஊரில் செய்வது போலவே செய்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பது இன்றும் நடக்கிறது. நாள் கணக்கில் ஒரே கூட்டத்தோடு நடந்து, கிடைத்த இடத்தில் படுத்து, காலில் கொப்புளம் வந்தால் முன்பின் தெரியாதவர் எண்ணெய் தடவிவிடும் அனுபவம் ஒரு மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதை எந்தக் கேள்வித்தாளும் முழுதாக அளந்துவிட முடியாது.

பிறகு இடி விழுந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயிகளால் கடனை அடைக்க முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதமாக இருந்தது, 1938-ல் 25 சதவீதமாயிற்று. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர், பணம் புரள வேண்டும் என்று நினைத்தவர்கள். நிலம் அவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். மலாயாவில் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து மூன்றரை வருடம் கடிதமே இல்லை. போர் முடிந்ததும் பர்மாவில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது; 1963-64-ல் வங்கிகளும் கடைகளும் போயின. ஒரு தலைமுறை சேர்த்ததும் அதன் பிள்ளைகள் எதிர்பார்த்ததும் ஒன்றாகப் போயின.

அந்தக் காலத்து மனநிலையைப் பதிவு செய்த மருத்துவக் குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. இலக்கியம் இருக்கிறது. சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்த ப. சிங்காரம் 18 வயதில் சுமத்ராவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். அங்கே இருந்த காலத்தில் மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்தார். ஊர் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தனியாகவே வாழ்ந்து 1997-ல் மறைந்தார். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்று இரண்டே நாவல்கள். அவரை மனநலத்துக்கு உதாரணமாக்குவது முறையாகாது. கடல் கடந்த வாழ்வு ஓர் ஆளிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகும் அவர் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு சிவகங்கை மாவட்டத்து ஆள் ஒருவரே சாட்சியாக இருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாம் கட்டு

இதுவரை சொன்னது தாங்கிய பக்கம். மறைத்த பக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் செட்டிநாட்டுப் பெருமை பேசுவது பாதி உண்மை.

நகரத்தார் சிறிய சமூகம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒன்பது நகரக் கோயில் வட்டத்துக்குள்தான். எந்த வீட்டில் என்ன நோய் என்று தெரிந்தால், அந்த வீட்டுக் கடைசிப் பெண் வரைக்கும் சம்பந்தம் பேசுவது சிக்கலாகும். ஆகவே நோய்க்குப் பெயர் சொல்லப்படவில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்றார்கள், ‘கொஞ்சம் சுகமில்லை’ என்றார்கள், ‘தனியா இருக்கப் பிரியப்படுறாக’ என்றார்கள். பெரிய வீடு அதற்கு வசதியாக இருந்தது. விருந்தாளி வந்தால் முகப்போடு சரி, நெருங்கியவர் என்றால் வளவு வரைக்கும். மூன்றாம் கட்டுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. இந்தப் பக்கத்து வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெயரில்லாத ஒரு சித்தப்பாவோ அத்தையோ பல குடும்பக் கதைகளில் நடமாடுவதைக் கேட்கலாம். சாப்பாடு போனது, துணிமணி போனது, வைத்தியம் மட்டும் போகவில்லை.

புள்ளிக் கணக்கிலேயே ஒரு வலி இருக்கிறது. தம்பதி என்றால் முழுப்புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாதவர் கணக்கிலேயே இல்லை. கோயில் வரி வாங்குவதற்காக ஏற்பட்ட கணக்கு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் 22 வயதில் பர்மாவில் கணவனைப் பறிகொடுத்த பெண் தன் பெயருக்கு நேரே அரை என்று இருப்பதை வரிக்கணக்காகவா பார்த்திருப்பாள்?

சமூகம் மனிதரைத் தாங்குகிறது என்பதை 1897-லேயே நூலாக எழுதியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம். சமூகப் பிணைப்பு தளர்ந்த இடத்தில் தற்கொலை கூடுகிறது என்று அவர் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிணைப்பு மிகையாக இறுகினாலும் மனிதர் நசுங்குவார்கள் என்று அதே நூலில் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். செட்டிநாட்டில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்திருக்கின்றன. தாங்கிய சுவரும் மறைத்த சுவரும் ஒன்றே. இன்றைக்கு நம் முன்னால் இருக்கும் வேலை, தாங்குவதை வைத்துக்கொண்டு மறைப்பதை மட்டும் கழற்றி எடுப்பது. அது சொல்வது போல எளிதன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘சமூகம்’ என்ற சொல்லை நாம் பொத்தாம்பொதுவாகப் பயன்படுத்துகிறோம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி இருக்கிறது. அங்கே தேர் வடம் பிடிக்கத் தலித்துகளுக்கு உள்ள உரிமையை முன்வைத்து வழக்கும் பதற்றமும் கால் நூற்றாண்டாக நீண்டன. தேர் பல வருடம் நிலையிலேயே நின்று, 2024-ல்தான் ஓடிற்று. திருவிழா மனதுக்கு மருந்து என்று எழுதும்போது, அந்தத் திருவிழாவின் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அது என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. வளவு வீடுகளில் விறகு பிளந்த, வண்டி ஓட்டிய, சமைத்த குடும்பங்களுக்கு நகரச் சத்திரமும் இல்லை, மூன்றாம் கட்டும் இல்லை. அவர்கள் வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் அது தெருவுக்கே தெரியும்.

கோயில், தர்கா, சங்கிலி

தெரிந்தால் என்ன செய்தார்கள்? மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சரியாகவில்லை என்றால் குணசீலம் கோயிலுக்குப் போனார்கள், அல்லது ஏர்வாடி தர்காவுக்குப் போனார்கள். ஏர்வாடி இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில். 1985 வரை சிவகங்கையும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். மத வித்தியாசம் பாராமல் போகும் இடம் அது.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தினர். எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. மாவட்டத்தில் மனநல மருத்துவர் இல்லை, மாதாமாதம் மாத்திரை வாங்க வழியில்லை, வீட்டில் இருப்பவர் வயலுக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஏர்வாடிக்குப் பிறகு கோயிலும் தர்காவும் மூடநம்பிக்கை என்று ஒரே அடியாக ஒதுக்குவது படித்தவர்களிடம் வழக்கமாயிற்று. ஆனால் அடுத்த வருடமே, 2002-ல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பரிசோதித்தார்கள். அங்கே மாந்திரீகம் கிடையாது, கட்டிப்போடுவது கிடையாது. பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மற்றவர்களோடு சாப்பிடுவது, கூட வந்த உறவினரோடு படுப்பது, அவ்வளவுதான். சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதைப் பெரிய நிரூபணமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் விரட்டாத ஓர் இடம், ஒரு வேலை, கூட ஓர் ஆள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏதோ நடக்கிறது என்பதை மறுக்கவும் முடியவில்லை. பின்னாளில் ஏர்வாடியிலேயே பிரார்த்தனையும் மருந்தும் ஒருங்கே கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் அதற்கு முன்பே முயன்று பார்த்த வழி அது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. பேய் ஓட்டப் போன அம்மாவை நிறுத்தி வாதாடுவதைவிட, அவர் போகும் வழியிலேயே டாக்டரை உட்கார வைப்பது மேல்.

குடும்பத்தை உள்ளே விட்ட ஆஸ்பத்திரிகள்

மேலை நாடுகளில் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்று கருதப்பட்ட காலத்தில், இந்தியாவில் எதிர்த்திசையில் சிலர் போனார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்க வைத்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம், கூட ஒரு குடும்ப ஆள் இருந்தால்தான் அனுமதி என்பதை வழக்கமாக்கிற்று. நோயைப் பற்றி அந்த ஆளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். வீடு திரும்பிய பிறகு என்ன என்பது அதன் கேள்வி.

உள்ளே விட்டதால் என்ன லாபம்? ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் வாய் உலர்வது, தலை சுற்றுவது, வயிற்றைப் புரட்டுவது முதல் நாளே தொடங்கிவிடும். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். இந்தக் கணக்கு வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், ‘இன்னும் பத்து நாள் பொறுத்துப் பாருங்க’ என்று சொல்ல ஆள் இருக்கும். தெரியாவிட்டால் அதே ஆள்தான் ‘எதுக்கு இந்த விஷத்தைத் தின்னுக்கிட்டு’ என்பார்.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். பராமரிப்பவரின் களைப்பைப் பற்றி நம் கருத்தரங்குகள் கடைசி அரை மணி நேரத்தில், சாப்பாட்டு வாசனை வரத் தொடங்கிய பிறகு பேசுகின்றன.

புதுக்கோட்டைப் பேருந்து

செட்டிநாடு முழுவதும் சிவகங்கை மாவட்டத்தில் இல்லை. ராயவரம், அரிமளம், கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டையில் சேரும். 2010-ல் ஸ்கார்ஃப் அந்த மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. உள்ளே ஒரு பகுதியில் சிறிய ஆலோசனை அறை, திரை, கேமரா. இன்னொரு பகுதியில் மருந்துக் கடை. பேருந்து ஊருக்குள் வந்து நிற்கும். நோயாளியும் வீட்டாரும் ஏறி உட்கார்ந்தால் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் திரையில் பேசுவார். எழுதிய மருந்தை இறங்கும்போதே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. 2010-ல் அது பெரிய விஷயம்.

தொழில்நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பேருந்தோடு வேலை பார்த்தவர்களை அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தே எடுத்தார்கள் என்பது. யாருக்கு என்ன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள், தவறியவரைத் தேடிப் போனவர்கள், நாடகம் போட்டவர்கள் அவர்கள். பதினைந்து வருடமாகப் பின்கட்டில் இருக்கும் ஒருவரை வெளியே கொண்டுவர, சென்னை டாக்டரின் முகம் திரையில் தெரிந்தால் போதாது. ‘வாங்கண்ணே, சும்மா வந்து பாருங்க, நானும் கூட வர்றேன்’ என்று சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் தொடங்கி, தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. தமிழில், எந்த நேரமும், காசில்லாமல் பேசலாம். ஆக வழியே இல்லை என்று இன்று சொல்ல முடியாது. வழி வரைக்கும் வருவதுதான் பாடு.

டாக்டரல்லாதவர்கள்

அங்கேதான் டாக்டரல்லாதவர்களின் வேலை வருகிறது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 வாக்கில் ஒரு வேலையைத் தொடங்கினார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. அவர் பாட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. பாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார்; வந்தவர் மனதைத் திறந்து பேச, ஆறு முறை சந்தித்து, இருக்கும் சிக்கல்களில் ஒன்றை எடுத்து அதற்கு மட்டும் என்ன செய்யலாம் என்று இருவருமாக முடிவு செய்வார்கள். 2016-ல் வெளியான பரிசோதனை முடிவுகள், இப்படிப் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்ததைக் காட்டின. கோவாவில் விக்ரம் பட்டேலின் ‘சங்கத்’ அமைப்பும் மருத்துவம் படிக்காத ஆலோசகர்களை வைத்து இதை ஒத்த முடிவுக்கு வந்தது.

நம் ஊர்த் திண்ணையில் ஆச்சிகள் செய்யாததா இது என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. ஜிம்பாப்வேப் பாட்டி கேட்டதை வெளியே சொல்லமாட்டார். அதற்குப் பயிற்சி பெற்றவர். நம் திண்ணையில் கேட்டது மாலைக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆறுதல் சொல்லும் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை, வாயைக் கட்டுவதற்குத்தான் பஞ்சம்.

குடிநோய்க்கு நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தியது. குடிப்பவரைப் பட்டணத்துக்கு அழைத்துப் போகாமல் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோனார்கள். இடம், சாப்பாடு, கூட மாட உதவி எல்லாம் ஊர் பொறுப்பு. மனைவிமார்களுக்குத் தனியாக ஆலோசனை. முகாம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே பாதி மருந்து.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை இன்னொரு படி கொண்டுபோனார். போரால் காயம்பட்டது தனி மனம் மட்டும் இல்லை. ஊர், உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்து காயம்பட்டிருக்கும்போது கிளினிக்கில் ஒவ்வொருவராக உட்காரவைத்துத் தீராது என்றார். ஆசிரியர், மருத்துவமாது, கிராமத் தொண்டர் ஆகியோருக்குப் பயிற்சி கொடுத்தார். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி, திருவிழா போன்ற சடங்குகளுக்கு மறுபடி இடம் ஏற்படுத்துவதையும் சிகிச்சையின் பகுதியாகவே பார்த்தார். பர்மாவிலிருந்து நடந்துவந்த தலைமுறைக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மனதுக்கு வெளியே

மன உறுதி என்ற பேச்சில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளப் பழகு என்று சொல்வதாக அது முடிந்துவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணங்களில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை, அதற்கடுத்து நோய். ‘குடும்பப் பிரச்சினை’ என்ற அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் எவ்வளவு கடன், எவ்வளவு குடி, எவ்வளவு அடி இருக்கின்றன என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

தேர்வில் தோற்ற பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வதைக் குறைக்க, சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒரு யோசனையை வலியுறுத்தியது. ஒரு வருடம் காத்திருக்க விடாமல் உடனே மறுதேர்வு வையுங்கள். அரசு வைத்தது. பிள்ளையின் மனதை மாற்றுவதற்கு முன்னால் நாள்காட்டியை மாற்றினார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததும் 1990-களின் உச்சத்திலிருந்து தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. அங்கேயும் யாரும் யாருக்கும் மன உறுதி கற்பிக்கவில்லை.

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் இன்றைக்குத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குழுக் கடன். வாரம் ஒருநாள் வசூல்காரர் வருவார். ஒரு பெண் கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரியே வந்து வாசலில் நிற்பாள். தாங்க வேண்டிய உறவையே வசூலுக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு இது. நெஞ்சு படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் எந்தக் கிழமை படபடப்பு என்று கேட்டால் பாதி நோய் தெரிந்துவிடும். 2025-ல் தமிழ்நாடு அரசு வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. வட்டித்தொழிலில் உலகம் சுற்றிய மண்ணில் அதை மனநலச் சட்டங்களின் வரிசையில் வைத்துப் படிப்பது பொருத்தமாகத்தான் இருக்கும்.

அரைப்புள்ளிகளின் பட்டியல்

மிச்சமிருப்பது முதுமை. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். 2017-18-ல் நாடு முழுவதும் நடந்த முதியோர் ஆய்வில், அறுபதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று தெரிந்தது. டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது 0.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. பத்தில் ஒன்பது பேர் அதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அப்படியே.

நூறு பேர் சாப்பிட்ட வீட்டில் இப்போது ஓர் ஆச்சி, ஒரு வேலைக்காரம்மா, ஒரு காவல்காரர். ராத்திரி ஏழரைக்குச் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் மகன் வருவார். “சாப்ட்டீங்களா ஆத்தா?” “ஆச்சுப்பா.” “மாத்திரை?” “போட்டாச்சு.” “தூக்கம்?” “அதுக்கென்ன, வரும்போது வரும்.” பேத்தி ஒரு நிமிடம் கையாட்டுவாள். திரை இருளும். மகன் பாசமில்லாதவர் அல்லர்; தினமும் தவறாமல் கூப்பிடுகிறார். ஆனால் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், எழுந்து எவ்வளவு நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார், நேற்று வைத்த சோறு அப்படியே இருக்கிறதா என்பதை வேலைக்காரம்மாதான் பார்க்கிறார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆச்சியின் மனநலத்தைப் பற்றிய முதல் தகவல் அந்த அம்மாவிடம் இருக்கிறது. அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், அதற்காகச் சம்பளத்திலும் கொஞ்சம் கூட்டினால், அது எந்த மாநாட்டைவிடவும் பயன் தரும்.

இன்னொன்றும் செய்யலாம். நகரக் கோயில்களிடம் புள்ளிக் கணக்கு இருக்கிறது. யார் முழுப்புள்ளி, யார் அரைப்புள்ளி என்று ஊர் வாரியாகத் தெரியும். துணையிழந்து தனியாக இருப்பவர்களின் பட்டியலை இதைவிடச் சுத்தமாக எந்த அரசு அலுவலகமும் வைத்திருக்காது. வரி வாங்க எழுதிய அந்தப் பட்டியலை வைத்து வாரம் ஒருமுறை ஒவ்வொரு அரைப்புள்ளியையும் யாராவது நேரில் போய்ப் பார்த்துவரலாம். நகரத்தாரோடு நிறுத்தாமல், அதே தெருவில் தனியாக இருக்கும் கோனார் வீட்டுப் பாட்டியையும், சேரியில் இருக்கும் தாத்தாவையும், ராவுத்தர் வீட்டு அம்மாவையும் சேர்த்துக்கொண்டால் ஒரு சைக்கிள் மிதிப்பு கூடும், அவ்வளவுதான். போகிறவர் கல்லூரிப் பிள்ளையாக இருக்கலாம்; அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கிய காரைக்குடியில் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், அல்லது ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்ற பேச்சு வந்தால், அரசு மருத்துவமனைக்குக் கூடவே போவது, அல்லது அங்கேயே 14416-ஐப் போட்டுக் கொடுப்பது, இந்த அளவு தெரிந்திருந்தால் போதும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்தப் பட்டியலில் யாருக்கு என்ன நோய் என்று எழுதக் கூடாது. பெயர், பார்த்த தேதி, அடுத்து எப்போது என்பதோடு நிற்க வேண்டும். மருந்துச் சீட்டு வீட்டிலேயே இருக்கட்டும். பட்டியல் கோயில் அலுவலகத்தில் இருக்கும், அதே மேஜையில்தான் சம்பந்தமும் பேசுவார்கள்.